களிமண் கணக்கில் எவர்சில்வர்

கோவளத்திலிருந்து வந்த ஒரு வெள்ளைக்காரத் தம்பதி பதினெட்டாயிரம் ரூபாய்க்குத் தட்டும் கிண்ணமுமாகப் பொறுக்கி மேஜையில் அடுக்கிவிட்டு, ஒரு கார்டை நீட்டினார்கள். என்னிடம் இருந்தது சுவரில் ஒட்டிய கியூஆர் அட்டை மட்டும். அது அவர்கள் போனில் வேலை செய்யாது. ஏடிஎம்மில் எடுத்து வருகிறோம் என்று சொல்லிப் போனார்கள். எந்த ஏடிஎம்மில் பணம் இல்லையோ, வழியில் எந்தக் கடை கண்ணில் பட்டதோ, திரும்பி வரவே இல்லை. நான் சாயங்காலம் ஏழு மணி வரைக்கும் அந்தத் தட்டுகளை அலமாரிக்குத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தேன்.

கார்டு மெஷின் வாங்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தேன்.

பழவங்காடி கணபதி கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் எனக்கு இரண்டு அறை. முன்னறையில் விற்பனை, பின்னறையில் சக்கரமும் ஒரு சின்ன மின்சாரச் சூளையும். நாற்பது வயதில் இன்ஷூரன்ஸ் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு மண் பிசைய வந்தவள் நான். பதினாறு வருஷம் ஆபீஸில் கணக்குப் பார்த்தவளுக்குத் தன் கணக்கு தெரியாதா என்று கேட்பார்கள். அங்கே பார்த்தது பிறத்தியார் பணம். அதில் தப்பு வந்தால் மேலே ஒருத்தர் கண்டுபிடிப்பார். இங்கே மேலே யாரும் இல்லை.

அந்த இடத்தை நான் ஸ்டூடியோ என்பேன். பக்கத்துப் பாத்திரக் கடை அண்ணாச்சி அதை மண்சட்டிக் கடை என்பார். அவருடைய அப்பா நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து போட்ட கடை அது. எவர்சில்வர், பித்தளை, கல்யாணச் சீர் சாமான். எங்களுக்கு நடுவில் ஒரு சுவர்தான். முந்நூற்றைம்பது ரூபாய் கொடுத்து ஒரு மண் கப்பை வாங்கிப் போகிறவர்களை அவர் வாசலில் நின்று பார்ப்பார்.  அந்த ஆள் முனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டே இருப்பார்.

பேங்குக்குப் போன் செய்த ஒரு மணி நேரத்தில் ஸ்கூட்டரில் ஒரு பெண் வந்து இறங்கினாள். இருபத்தைந்து வயதிருக்கும். அவள் மலையாளத்தில் ஆரம்பித்தாள், நானும் மலையாளத்தில் பதில் சொன்னேன். நடுவில் அவளுக்கு ஒரு போன் வந்தது. "அம்மா, சாப்ட்டேம்மா, வச்சுர்றேன்" என்றாள். அப்புறம் இரண்டு பேரும் சிரித்துவிட்டுத் தமிழுக்கு வந்துவிட்டோம். போனக்காடு எஸ்டேட்டில் அவள் அம்மா தேயிலை பறிக்கிறாள். இவள் இங்கே லேடீஸ் ஹாஸ்டலில் தங்கி, மாதத்துக்கு இத்தனை மெஷின் என்று பேங்க் கொடுத்த டார்கெட்டைத் துரத்திக்கொண்டிருக்கிறாள்.

மெஷினுக்கு மாத வாடகை ஐந்நூறு, வரியோடு ஐந்நூற்றுத் தொண்ணூறு. "மாசம் அம்பதாயிரம் ஸ்வைப் ஆச்சுன்னா வாடகையே கெடையாதுக்கா. ஒரு பிரஷ்னமும் இல்ல" என்றாள். ஒவ்வொரு விற்பனையிலும் பேங்க் நூற்றுக்கு இரண்டு ரூபாய் பிடித்துக்கொள்ளும் என்பதையும் சொன்னாள். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை சொன்னாள். அவள் ஒன்றையும் ஒளிக்கவில்லை. என் கை முழுக்க மண், மனசு முழுக்க சூளைக்குள் இருந்த ஜாடிகள். எனக்குக் காதில் விழுந்தது வாடகை ஒன்றுதான். அவள் காகிதத்தைப் பிடித்துக்கொள்ள, நான் விரலைத் துடைத்துக் கையெழுத்துப் போட்டேன்.

அதற்குப் பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு வெள்ளைக்காரர்கூட அந்தச் சந்துக்குள் வரவில்லை. கழக்கூட்டத்து ஐடி ஆட்கள் சிலர் பாயிண்ட் கிடைக்கும் என்று கார்டில் கொடுத்தார்கள். மாதம் ஆறாயிரம், எட்டாயிரம். மற்றவர்கள் எல்லாம் வழக்கம்போல் போனைத் தூக்கிச் சுவரில் காட்டிவிட்டுப் போனார்கள். வாடகை மட்டும் முதல் தேதி விடியும் முன் கணக்கிலிருந்து போய்விடும். ஐந்நூற்றுத் தொண்ணூறு என்று மெசேஜ் வரும்போதெல்லாம், ஒன்றரைக் கப் உடைந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வேன்.

ஜூலையில் ஒரு மத்தியானம் அண்ணாச்சி கடையில் சத்தம். நெடுமங்காட்டிலிருந்து வந்த ஒரு பெண் வீட்டார் முப்பத்திரண்டாயிரத்துக்குச் சாமான் எடுத்துவிட்டுக் கார்டுதான் இருக்கிறது என்கிறார்கள். அண்ணாச்சி கார்டு மெஷினே வைக்காதவர். "நூத்துக்கு ரெண்டு அவனுக்குக் குடுத்துட்டு நான் எதுக்குக் கடையத் தொறக்கணும்?" என்று முன்பே என்னிடம் சொல்லியிருக்கிறார். இப்போது கையைப் பிசைந்துகொண்டு நின்றார். நான் வாசலுக்குப் போய், என் மெஷினில் தேய்த்துக்கொள்ளலாம், பணம் வந்ததும் தருகிறேன் என்றேன். உபகாரம் செய்கிறோம் என்ற நினைப்பு பாதி. ஐம்பதாயிரத்தில் முப்பத்திரண்டு ஒரே தேய்ப்பில் வருகிறதே என்ற ஆசை மீதி.

மறுநாள் பணம் வந்தது. அண்ணாச்சிக்கு முப்பத்திரண்டாயிரத்தையும் முழுசாக அனுப்பினேன். கமிஷன் கழிந்து என் கணக்குக்கு வந்தது எவ்வளவு என்று பார்க்கத் தோன்றவில்லை. அந்த வாரமே இன்னொரு குடும்பம், பதினோராயிரம். அடுத்த முதல் தேதி வாடகை பிடிக்கவில்லை. மெசேஜ் வராத அந்தக் காலையில், இத்தனை நாள் தெரியாமல் போன வியாபார மூளை எனக்குள் இருந்திருக்கிறது என்று நினைத்தேன்.

பிறகு அது ஒரு ஏற்பாடாகவே ஆகிவிட்டது. கார்டுக்காரர்கள் வந்தால் அண்ணாச்சி கையைக் காட்டி என் பக்கம் அனுப்புவார். அவர்கள் இட்லிப் பானையோடும் குடத்தோடும் உள்ளே வந்து, தேய்த்துவிட்டு, என் கப்புகளைச் சந்தேகமாக ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவார்கள். ஆவணியை ஒட்டி வரும் மலையாளச் சிங்ங மாசக் கல்யாணங்களுக்குச் சாமான் வாங்கும் ஆகஸ்டில் மட்டும் ஒரு லட்சத்து நாற்பதாயிரம். போனக்காட்டுப் பெண் ஒரு நாள் மெஷினுக்குப் பேப்பர் ரோல் கொடுக்க வந்தபோது, என்னெதிரே ஒரு பாட்டி குத்துவிளக்குக்குக் கார்டு தேய்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் விளக்கைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ரோலை வைத்துவிட்டு, நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டாள்.

என் கணவர் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறவர். நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கரமனை வீட்டுக் கூடத்தில் என் பேங்க் ஸ்டேட்மெண்டைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்தார்.  பிறகு சமையலறைப் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"நீ மாசத்துக்கு எத்தனை கப் பண்ணறே?"

"நூத்தம்பது. கரண்ட் ஒழுங்கா இருந்தா."

"அப்போ ஆகஸ்டுல ஒரு கப் ஆயிரம் ரூபாய்க்கு வித்திருக்கே. எங்கிட்ட சொல்லவே இல்லையே."

அண்ணாச்சி விஷயத்தைச் சொன்னேன். வாடகையை மிச்சம் பிடித்த சாமர்த்தியத்தையும் சேர்த்தே சொன்னேன். அவர் பென்சிலை எடுத்தார். முதல் மாதம் அண்ணாச்சியின் நாற்பத்து மூவாயிரத்துக்கு நூற்றுக்கு இரண்டு, அதற்கு மேல் வரி, ஆயிரத்துப் பதினைந்து ரூபாய். நான் காப்பாற்றியது ஐந்நூற்றுத் தொண்ணூறு. அப்படியே நாலு மாதத்தையும் கூட்டினார். அண்ணாச்சியின் பாத்திரங்களுக்காக என் கையிலிருந்து பேங்குக்குப் போனது ஏழாயிரத்து நூற்றுநாலு ரூபாய். அதைவிடப் பெரிய விஷயம், இப்படியே ஏறிக்கொண்டு போனால் என்றைக்காவது ஜிஎஸ்டி வரம்பைத் தாண்டி, நான் விற்காத குடத்துக்கெல்லாம் நான் பதில் சொல்ல வேண்டி வரும். இதைச் சொல்லும்போது அவர் குரலை உயர்த்தவில்லை. அவர் திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, "ரசத்துல உப்பு ஜாஸ்தி ஆயிடாம பாத்துக்கோ" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் இதை அண்ணாச்சியிடம் சொல்ல வேண்டியிருந்தது. கமிஷன் கேட்கிற மாதிரி ஆகிவிடுமே என்ற கூச்சம். கடைசியில் சூளை சூடாகிவிட்டதா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டுப் போய்ச் சொன்னேன். அவர் முகம் கறுத்துவிட்டது.

"மாமி, இத மொதல்லயே சொல்லியிருக்காண்டாமா? நாலு மாசமா உங்க காசுல நான் யாவாரம் பண்ணியிருக்கேன், கேட்டேளா. அப்பா இருந்தா என்னக் கடையில நிக்க விட மாட்டாரு."

பணமாகத் தருகிறேன் என்றார். நான் பிடிவாதமாக மறுத்தேன். அது தப்பாகப் போயிற்று. அன்று சாயங்காலம் அவர் கடையாள் மூன்று நடையாக என் அறைக்குச் சாமான் கொண்டுவந்து இறக்கினான். டம்ளர் இரண்டு டஜன், டவரா, அடுக்கு டிபன் கேரியர், இட்லிப் பானை, எண்ணெய்த் தூக்கு. ஏழாயிரத்து நூற்றுநாலு ரூபாய்க்குப் பில் போட்டு, அதைக் கிழித்து, கிழித்த பில்லையும் சேர்த்து அனுப்பியிருந்தார். கார்டுக்காரர்களை அனுப்புவதை அவர் நிறுத்தவில்லை, நானும் தடுக்கவில்லை. அதற்கப்புறம் ஒவ்வொரு மாதமும் முதல் தேதி, கமிஷன் எவ்வளவோ அவ்வளவுக்குப் பாத்திரம் வந்தது.

இத்தனை வருஷமாக நான் வனைந்த கப்பில் காப்பி குடித்துவந்த என் கணவர், முதல் நாளே எவர்சில்வர் டவராவுக்கு மாறினார். "சூடு சரியா தெரியறது" என்றார். அவ்வளவு நாள் அது சரியாகத் தெரியவில்லையா என்று கேட்டேன். அவர் காப்பியை ஆற்ற ஆரம்பித்துவிட்டார்.

மெஷினைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன். ஒரு வருஷம் முடியாமல் திருப்பினால் அவள் கணக்கில் ஒரு மெஷின் குறையும், மார்ச் வரை பொறுத்துக்கொள்ளுங்கள் அக்கா என்றாள். சரி என்றேன். ஜனவரி கடைசியில் அவளே ஓடி வந்தாள். அந்தக் கிளையில் சின்ன வியாபாரிகளிலேயே என் மெஷினில்தான் நிறைய ஸ்வைப்பாம். ரீஜனல் ஆபீஸிலிருந்து பெரிய ஆபீஸர் ஒருவர் போட்டோக்காரரோடு வருகிறாராம். பிறகு தம்பானூரில் ஒரு ஓட்டலில் விழா வைத்து, கைத்தொழில் செய்யும் பெண் ஒருத்தி இப்படி வளர்ந்தது எப்படி என்று என்னைப் பேசச் சொல்வார்களாம்.

"வேண்டாம்மா, உனக்குத் தெரியாதா?" என்றேன்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா" என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு. "பேரு மேல போயிருச்சு. இப்ப வேண்டாம்னு சொன்னா ஏன்னு கேப்பாங்க."

அவர்கள் வந்தது ஒரு வியாழக்கிழமை. மறுநாளைக்கு முகூர்த்தம் என்பதை நான் யோசிக்கவில்லை. அண்ணாச்சியிடம் யாரையும் இந்தப் பக்கம் அனுப்பாதீர்கள் என்று சொல்லி வைக்கவும் தோன்றவில்லை. வெள்ளைச் சட்டை போட்ட ஆபீஸர் மரியாதையான மனிதர், மலையாளி. கப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார், நீலக் கிளேஸ் பூச்சு அழகு என்றார். பின்னறைக்குப் போய்ச் சூளையைப் பார்த்தார். பாதி பிரிட்ஜ் உயரம்தான் அது இருக்கும். கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார். மறுபடி சூளையைப் பார்த்தார். இது ஒன்றுதானா என்று கேட்டார். ஒன்றுதான், ஆனால் நன்றாகச் சுடும் என்றேன்.

அப்போதுதான் வாசல் இருட்டியது. கல்யாணப் பெண்ணின் மாமா போல இருந்த ஒருவர் தலையில் ஒரு அண்டாவோடு உள்ளே வரப் பார்த்தார். எவர்சில்வர் அண்டா, நூறு பேருக்குச் சாம்பார் வைக்கலாம். வாசல் அகலம் போதவில்லை. அவர் அதை இறக்கி வாசற்படியிலேயே வைத்துவிட்டு, அதற்கு மேலாகக் கையை நீட்டிக் கார்டைக் கொடுத்தார். கார்டை இங்கேதான் தேய்க்க வேண்டும் என்று அண்ணாச்சி சொன்னாராம்.

ஆபீஸர் அண்டாவை நிதானமாகப் பார்த்தார்.

"இதும் மண்ணாணோ?" என்று கேட்டார்.

"இல்ல சார். எவர்சில்வர்" என்றேன்.

போட்டோக்காரர் எதற்கென்று தெரியாமல் ஒரு படம் எடுத்தார். கார்டு தேய்க்கப் போன ஆள் திரும்பாததைக் கவனித்து அண்ணாச்சியும் வந்துவிட்டார். அண்டாவுக்கு அந்தப் பக்கம் நின்று எட்டிப் பார்த்தவர் கண்ணில் வெள்ளைச் சட்டையும் ஃபைலும் பட்டன. வரி ஆபீஸ் என்று நினைத்துவிட்டார். யாரும் கேட்காமலே, "இது நம்ம கடை அண்டா இல்ல, பாத்துக்கிடுங்க" என்றார். அவர் கையில் பேர் வெட்டும் மெஷின் இருந்தது. அண்டாவின் வயிற்றில் பெண்ணின் பெயரும் மாப்பிள்ளையின் பெயரில் முதல் இரண்டு எழுத்தும் வெட்டியிருந்தன. மீதி எழுத்தை எப்போது வெட்டுவீர்கள் என்று மாமா அவரிடம் கேட்டார்.

அதற்குமேல் மறைக்க ஒன்றும் இல்லை. இன்ஷூரன்ஸ் ஆபீஸில் தப்புப் பண்ணியவர்கள் எதிரே உட்கார்ந்து விளக்கம் சொல்வதைப் பதினாறு வருஷம் கேட்டவள் நான். அதே குரல் என் வாயிலிருந்து வந்தது. வாடகை, ஐம்பதாயிரம், நெடுமங்காடு, டம்ளர் என்று எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். டம்ளர் வந்த இடத்தில் ஆபீஸர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் சிரிப்பை அடக்குகிறார் என்று எனக்குத் தோன்றியது. சிரித்துவிட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். இந்தப் பெண்ணுக்கு எதுவும் தெரியாது என்று கடைசியில் சொன்னேன். அவள் ஹெல்மெட்டை மார்போடு அணைத்துக்கொண்டு அலமாரி ஓரம் நின்றாள். அவர் அவளையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். நான் சொன்னதை நம்பவில்லை, ஆனால் ஏற்றுக்கொண்டார்.

ஒரு கடை மெஷினில் இன்னொரு கடைச் சரக்கை விற்கக் கூடாது, இனி ஒரு தடவை நடந்தால் மெஷினையே முடக்க வேண்டி வரும் என்று கண்டிப்பாகவே சொன்னார். விழாவைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. கிளம்பப் பார்த்தார். அண்டா வாசலை அடைத்துக்கொண்டிருந்தது. அதை மறுபடி தலைக்கு ஏற்றிவிட ஆள் வேண்டும். மாமா, ஆள் கூப்பிட்டு வருகிறேன் என்று போய்விட்டார்.

ஆபீஸர் உள்ளே, அண்ணாச்சி வெளியே, நடுவில் அண்டா. வரி ஆபீஸ் இல்லை, பேங்க் என்று தெரிந்ததும் அண்ணாச்சி தெளிந்துவிட்டார். அண்டாவின் விளிம்பில் கையை ஊன்றிக்கொண்டு, தன் கடைக்கு மெஷின் வைத்தால் நூற்றுக்கு எவ்வளவு என்று விசாரித்தார். கார்டுக்காரர்களைத் திருப்பி அனுப்பாத இந்த ஏழு மாதத்தில் கடையில் எவ்வளவு கூடுதலாக ஓடியது என்பது அவருக்குப் பைசா சுத்தமாகத் தெரியும். ஆபீஸர் இரண்டு என்றார். அண்ணாச்சி ஒன்று என்றார். வாடகை என்ற வார்த்தை வந்தபோது, அதைப் பற்றிப் பேசுவதே மரியாதைக் குறைவு என்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆள் வந்து அண்டாவைத் தூக்குவதற்குள் ஒன்றரைக்கு முடிந்தது, வாடகை கிடையாது. நூற்றுக்கு இரண்டு என்பது இரயில் டிக்கெட் விலை போல அச்சடித்தது என்று நான் நினைத்திருந்தேன். அதில் பேரம் பேசலாம் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

அந்த வாரம் அண்ணாச்சி கடைக்கு மெஷின் வந்தது. அதற்கடுத்த வாரம் என்னுடையதைத் திருப்பிக் கொடுத்தேன். ஒன்று போய் ஒன்று வந்ததால் அந்தப் பெண்ணின் கணக்கு நேராகிவிட்டது. அவள் என் போனிலேயே ஒரு ஆப்பை ஏற்றிக் கொடுத்தாள். கார்டை போனின் முதுகில் தொட்டால் போதும். வாடகை இல்லை, நூற்றுக்கு இரண்டு மட்டும். "இத அன்னைக்கே குடுத்திருக்கலாமே" என்றேன். "அன்னைக்கு இது டார்கெட்ல இல்லக்கா" என்றாள்.

அந்த இரண்டு ரூபாயை எங்கே சேர்ப்பது என்று கணவரிடம் கேட்டேன். ஒரு கப்புக்கு என்ன அடக்கம் என்று அவர் திருப்பிக் கேட்டார். முந்நூற்றைம்பது என்றேன். அது விற்கிற விலை, அடக்கம் என்ன என்றார். எனக்குத் தெரியவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையும் பென்சில் வந்தது. மண், கிளேஸ், கரண்ட், அறை வாடகை, பத்துக்கு இரண்டு விரிசல் விடுவது, கார்டு கமிஷன். நானூற்றுப் பன்னிரண்டு ரூபாய். நாலு வருஷமாக ஒவ்வொரு கப்போடும் அறுபது ரூபாயைச் சுற்றிக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். கூலி எவ்வளவு போட்டாய் என்றார். போடவில்லை என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, தானாகவே ஒரு தொகை எழுதினார். அது கொஞ்சம் அதிகம் என்று எனக்குப் பட்டது. நான் சொல்லவில்லை. மொத்தம் அறுநூற்றுப் பன்னிரண்டு. அறுநூற்றிருபது என்று எழுதி அடிக்கோடு போட்டார்.

புது விலைச் சீட்டுகளை ஒட்டினேன். யாராவது கேட்டால் சொல்ல வேண்டியதை இரண்டு நாள் மனப்பாடம் செய்தேன். மண் எங்கிருந்து வருகிறது, கரண்ட் கட்டானால் சூளைக்குள் என்ன ஆகிறது, பேங்க் எவ்வளவு எடுக்கிறது, எல்லாவற்றையும்.

முதலில் வந்தவள் கழக்கூட்டத்து ஐடிக்காரி, முந்நூற்றைம்பது விலைக்கு நாலு தடவை வாங்கியவள். சீட்டைப் பார்த்தாள். இரண்டு கப் எடுத்தாள். கார்டை என் போனில் தொட்டுவிட்டு, பை இருக்கிறதா என்று கேட்டாள். விலை ஏற்றத்துக்குக் காரணம் சொல்லட்டுமா என்றேன். ஆட்டோ நிற்கிறது சேச்சி என்று சொல்லிப் போய்விட்டாள்.

இரண்டு நாள் மனப்பாடம் செய்தது வீணாகப் போகக் கூடாது என்று அண்ணாச்சி கடைக்குப் போய், முழுவதையும் அவரிடம் சொன்னேன். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்லி, ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் கேட்டார்.

"பாக்கிங் அட்டை, பேப்பர், பை, இதெல்லாம் சேத்தேளா மாமி?"

சேர்க்கவில்லை என்றேன்.

"அப்போ அறுநூத்தி நாப்பது போடுங்க" என்றார்.

திரும்பி வந்து, எல்லாச் சீட்டையும் பிய்த்துவிட்டு, மறுபடி எழுத உட்கார்ந்தேன்.